ஆங்கில இலக்கணம்: தமிழ்வழியில் படித்தவர் எங்கே தொடங்குவது?

பெரும்பாலான ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் நவுன், ப்ரொநவுன் என்று எட்டு வகைச் சொற்கள். அப்புறம் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை. பாஸ்ட் பர்ஃபெக்ட் கன்டின்யூவஸ் வரும்போது புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த ஜனவரியில் மறுபடி நவுனிலிருந்து ஆரம்பம். நவுனை மட்டும் நாலைந்து முறை கரைத்துக் குடித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்பது பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவருக்குத் தெரிந்த விஷயம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் பரீட்சைக்குப் படித்ததுதானே. அதையே ஆங்கிலப் பெயரில் மறுபடி படித்து நேரத்தைப் போக்க வேண்டாம். ஆங்கிலம் எந்தெந்த இடத்தில் தமிழைப் போல நடக்காது என்று பார்த்துக்கொண்டால் போதும். நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் விழுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை புத்தக வரிசை இல்லை. எது அதிகம் படுத்துகிறதோ அது முதலில்.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

படி 1: சொல் உட்காரும் இடம்

'குமார் ரவியை அடித்தான்', 'ரவியைக் குமார் அடித்தான்'. எப்படிச் சொன்னாலும் அடி வாங்கியது ரவிதான். 'ஐ' என்ற உருபு ரவியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அவனை எங்கே தூக்கிப்போட்டாலும் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் அந்த 'ஐ' கிடையாது. 'குமார் ஹிட் ரவி' என்றால் அடித்தது குமார். 'ரவி ஹிட் குமார்' என்றால் கதையே தலைகீழ். வினைக்கு முன்னால் இருப்பவர் செய்தவர், பின்னால் இருப்பவர் வாங்கிக்கொண்டவர். உருபு செய்த வேலையை அங்கே இடம் செய்கிறது.

எளிய வாக்கியங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 'நான் நேற்று கடையில் அரிசி வாங்கினேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாயை அப்படியே விட்டுவிட்டு, மீதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: நான், வாங்கினேன், அரிசி, கடையில், நேற்று. 'ஐ பாட் ரைஸ் அட் தி ஷாப் யெஸ்டர்டே.' எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், தொடக்கத்தில் எழுதும் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

அடுத்தது, எழுவாயை விழுங்கக்கூடாது. தமிழில் 'வந்துவிட்டேன்' என்றாலே வந்தது யார் என்று தெரியும். கடைசியில் இருக்கும் 'ஏன்' என்ற விகுதி அதைச் சொல்லிவிடும். ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. அதனால் 'ஐ ஹேவ் கம்' என்று 'ஐ'யைச் சொல்லியே ஆக வேண்டும். எழுவாய் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்திலும் 'இட்' என்று ஒரு டம்மியை உட்கார வைப்பார்கள். மணி ஐந்து என்றால் 'இட் இஸ் ஃபைவ்', வெளியே மழை என்றால் 'இட் இஸ் ரெயினிங்'. இந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதையும் குறிக்கவில்லை. காலி நாற்காலி இருக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அவ்வளவுதான்.

இதிலேயே 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைத் தனியாகப் பழக வேண்டும். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று உடம்பிலும் மனசிலும் நடப்பதையெல்லாம் நாம் 'எனக்கு' என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் இவை எல்லாமே 'ஐ'தான்: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ வான்ட்', 'ஐ லைக்', 'ஐ ஹேவ் எ சன்'. 'டு மீ' என்று தொடங்கத் தோன்றினால் நிறுத்தி 'ஐ' என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 2: ஆம், இஸ், ஆர்

'அவர் டாக்டர்.' இந்தத் தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. பெயர்ப் பயனிலை என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'ஹி இஸ் எ டாக்டர்' என்று நடுவில் ஒரு முட்டு கொடுக்க வேண்டும். ஐ வந்தால் ஆம். ஹி, ஷி, இட் வந்தால் இஸ். வீ, யூ, தே வந்தால் ஆர். நேற்றைய கதை என்றால் ஆம், இஸ் இரண்டும் வாஸ் ஆகும், ஆர் மட்டும் வேர் ஆகும். இதற்கு மேல் மனப்பாடம் செய்ய இங்கே ஒன்றும் இல்லை.

எதிரே இருப்பவர் ஒருவர்தான், அவருக்கு ஏன் பன்மைக்குரிய 'ஆர்' என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில் நம் 'நீ' மாதிரி 'தௌ' என்று ஒரு சொல் இருந்தது. 'யூ' பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது, நம் 'நீங்கள்' போல. எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக் கொடுத்து 'தௌ' பொதுவழக்கிலிருந்து போய்விட்டது. 'யூ ஆர்' மட்டும் பன்மை வேஷத்தைக் கலைக்காமல் நிற்கிறது.

நம்மவர் தடுக்கி விழும் இடம் வேறு. 'ஐ ஆம் குமார், ஐ ஆம் ஃப்ரம் திருப்பூர்' என்று சுய அறிமுகத்தில்தான் பலருக்கும் ஆங்கிலம் ஆரம்பிக்கிறது. அதனால் 'நான்' என்றால் 'ஐ ஆம்' என்றே மனதில் ஒட்டிப்போகிறது. பிறகு 'ஐ ஆம் வொர்க் இன் எ மில்', 'ஐ ஆம் கோ டு ஆஃபீஸ்' என்று வரும். சோதிப்பது சுலபம். வாக்கியத்தில் போ, வா, செய், வாங்கு மாதிரி ஒரு செயல்வினை இருக்கிறதா? இருந்தால் 'ஆம்' வேண்டாம்: 'ஐ வொர்க் இன் எ மில்'. அந்த வினையோடு 'இங்' சேர்ந்திருந்தால் மட்டும் வேண்டும்: 'ஐ ஆம் வொர்க்கிங்'.

படி 3: டூ, டஸ், டிட்

அடிப்படை இலக்கணத்தில் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்த முடியும் என்றால் இதைத்தான் நடத்துவேன். கேள்வியும் மறுப்பும் இங்கே சரியானால் பேச்சில் பாதிச் சிக்கல் தீரும்.

தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு எளிது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. வந்தான், வந்தானா. அவன் வந்தான், அவனா வந்தான். எந்தச் சொல்லோடும் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் அப்படி ஒட்டு கிடையாது. ஆம், இஸ், ஆர் இருக்கும் வாக்கியத்தில் அதையே முன்னால் கொண்டுவந்துவிடலாம்: 'ஹி இஸ் அட் ஹோம்', 'இஸ் ஹி அட் ஹோம்?' செயல்வினை இருந்தால் அது முன்னால் வராது. அதற்குப் பதிலாக 'டூ' என்று ஓர் ஆளை அனுப்பும்.

எந்த டூ? அதற்கு முன் ஒரு 'ஸ்' ஒலியைப் பார்த்துவிடுவோம். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று ஒவ்வொருவருக்கும் வினை மாறும். ஆங்கிலத்தில் நிகழ்கால வினை ஒரே ஓர் இடத்தில்தான் மாறும்: ஹி, ஷி, இட் வந்தால் முடிவில் ஒரு 'ஸ்' ஒலி சேரும். ஐ கோ, யூ கோ, தே கோ, ஹி கோஸ். இவ்வளவு சின்ன விஷயம் என்பதால்தான் எல்லோரும் மறந்துபோகிறோம்.

இப்போது ஒரே வினையை ஆறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்:

ஹி கோஸ்.
ஹி டஸின்ட் கோ.
டஸ் ஹி கோ?
ஹி வென்ட்.
ஹி டிடின்ட் கோ.
டிட் ஹி கோ?

'கோஸ்' இல் இருந்த அந்த ஸ் எங்கே போனது? டஸ்ஸிடம் போய்விட்டது. 'வென்ட்' இல் இருந்த இறந்தகாலம்? டிட்டிடம். காலத்தையும் ஸ்ஸையும் ஒருவர்தான் சுமப்பார், இருவர் சுமக்க மாட்டார்கள். அதனால்தான் 'டிட் யூ வென்ட்', 'ஹி டிடின்ட் கேம்', 'டஸ் ஷி கோஸ்' எல்லாம் தவறு. டிட் வந்துவிட்டால் வினை அதன் மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

இந்த ஆறு வரியை கம், ஈட், பை, ரைட், டேக், சீ என்று தினம் ஒரு வினைக்கு எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். வாய் பழகாமல் கண்ணால் மட்டும் படித்த இலக்கணம், பேச வேண்டிய நேரத்தில் கைகொடுக்காது.

வேர் (எங்கே), வாட், வென், வை போன்ற கேள்விச் சொற்கள் வந்தாலும் வரிசை மாறாது. அவை முன்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். 'வேர் யூ லிவ்?' அல்ல, 'வேர் டூ யூ லிவ்?' ஆனால் இந்தக் கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் பழைய நேர்வரிசைக்கே திரும்பிவிடும். 'வேர் இஸ் தி பேங்க்?' சரி. 'டூ யூ நோ வேர் தி பேங்க் இஸ்?' இதில் இஸ் கடைசிக்குப் போயிருப்பதைக் கவனியுங்கள். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று ஆபீசில் தினமும் காதில் விழும். 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்' என்பதுதான் சரி.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?' என்று கேட்டால், சாப்பிடாதவர் தமிழில் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்பார். கேட்டவர் சொன்னது உண்மை என்பதற்கு அந்த ஆமாம். ஆங்கிலத்தில் சாப்பிடவில்லை என்றால் எப்போதும் 'நோ'தான்: 'நோ, ஐ ஹேவின்ட்'. வெறும் 'யெஸ்' என்று சொல்லி நிறுத்தினால் எதிராளி நீங்கள் சாப்பிட்டாயிற்று என்று எடுத்துக்கொள்வார். சாப்பாட்டு விஷயம் என்றால் பரவாயில்லை, 'பணம் வரவில்லையா?' என்று பேங்கில் கேட்கும்போது இது வம்பாக முடியும்.

படி 4: பன்னிரண்டு டென்ஸில் முதலில் நான்கு, அப்புறம் ஒன்று

வழக்கமாகச் செய்வதற்கு 'ஐ வாக்', இந்த நிமிஷம் நடப்பதற்கு 'ஐ ஆம் வாக்கிங்', முடிந்துபோனதற்கு 'ஐ வாக்ட்', இனிமேல் செய்யப்போவதற்கு 'ஐ வில் வாக்'. முதல் இரண்டு மாதத்துக்கு இந்த நான்கு போதும்.

சிக்கல் எங்கே என்றால், தமிழின் 'நடக்கிறேன்' முதல் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடும். 'தினமும் நடக்கிறேன்', 'இதோ நடக்கிறேன்' இரண்டுக்கும் ஒரே வினைதான். ஆங்கிலத்தில் எழுதுமுன் 'தினமுமா, இப்போதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல நம் எதிர்காலமும் வழக்கத்தைச் சொல்லும். 'அப்பா காலையில் காபி குடிப்பார்' என்பது நாளைக்கு நடக்கப்போவது இல்லை, அவர் பழக்கம். அங்கே 'வில்' வராது. 'மை ஃபாதர் டிரிங்க்ஸ் காபி இன் தி மார்னிங்'. மரியாதைக்காக அப்பாவை 'தே' என்று சொல்வதும் வேண்டாம். ஆங்கிலத்தில் அப்பாவும் ஹிதான், ஆறு மாதக் குழந்தையும் ஹிதான்.

தெரியும், வேண்டும், பிடிக்கும், புரியும், உடைமை ஆகியவற்றைச் சொல்லும் வினைகள் பொதுவாக 'இங்' ஏற்காது. 'ஐ ஆம் ஹேவிங் எ கார்', 'ஐ ஆம் நாட் நோயிங்' இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இந்த நான்கும் பழகியபின் ஐந்தாவதாக 'ஹேவ்' வகையைச் சேர்க்கலாம். 'சாப்பிட்டுவிட்டேன்' என்று நாம் சொல்லும் 'விட்டேன்' வாசனைதான் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பதிலும் இருக்கிறது: முடிந்தது, அதன் விளைவு இப்போதும் இருக்கிறது. நேற்று, போன வாரம், 2019 இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் ஹேவ் வராது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு, 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி. இன்னொன்று, 'ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே பெயர்த்து 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பார்கள். 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாக என்று நீளத்தைச் சொன்னால் ஃபார். 2019 முதல் என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ்.

ஒழுங்கில்லாமல் மாறும் வினைகள் ஏறக்குறைய 200 இருக்கும். அகர வரிசையில் படித்தால் நிற்காது. ஓசையை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் படியுங்கள். கட், புட், ஹிட், ஷட் மாறவே மாறாது. பை – பாட், ப்ரிங் – ப்ராட், திங்க் – தாட், டீச் – டாட், கேட்ச் – காட் ஒரு கூட்டம். சிங் – சாங் – சங், ரிங் – ராங் – ரங், டிரிங்க் – டிராங்க் – டிரங்க் இன்னொன்று. எதுகை நம் காதுக்குப் பழக்கம்தானே.

படி 5: வேற்றுமை உருபும் ப்ரெபொசிஷனும்

ஐ, ஆல், கு, இன், அது, கண். இந்த வரிசையை ஒப்பிக்காமல் யாரும் பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் இந்த உருபுகள் செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் சொற்கள் செய்கின்றன. கத்தியால் என்றால் 'வித் எ நைஃப்', தம்பியோடு என்றால் 'வித் மை பிரதர்', மதுரைக்கு என்றால் 'டு மதுரை', அம்மாவுக்காக என்றால் 'ஃபார் மை மதர்', மதுரையிலிருந்து என்றால் 'ஃப்ரம் மதுரை'.

நம்மைத் திணற வைப்பது ஏழாம் வேற்றுமை. தமிழின் 'இல்' ஒன்று, ஆங்கிலத்தில் அட், ஆன், இன் மூன்று. ஒரு புள்ளியாக நினைத்தால் அட்: 'அட் தி பஸ் ஸ்டாப்'. மேற்பரப்பு என்றால் ஆன்: 'ஆன் தி டேபிள்', 'ஆன் தி வால்'. சுற்றி வளைத்த உள்ளிடம் என்றால் இன்: 'இன் தி பாக்ஸ்', 'இன் சென்னை'. காலத்துக்கும் இதே மூன்றுதான். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன்: 'அட் ஃபைவ் ஓ க்ளாக்', 'ஆன் மண்டே', 'இன் மே', 'இன் 2024'. காரில் போனால் 'இன் எ கார்', பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் 'ஆன் தி பஸ்', 'ஆன் தி ட்ரெயின்'. இதற்கு விதி தேடி அலைவதைவிட வாய்க்குப் பழக்கிவிடுவது மேல்.

தேவையில்லாத இடத்தில் ப்ரெபொசிஷன் போடுவதும் நம்மிடம் உண்டு: 'டிஸ்கஸ் அபவுட்', 'ரீச்ட் டு மதுரை', 'மேரீட் வித் ஹெர்'. இவற்றைத் திருத்தத் தமிழே உதவும். நல்ல எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: விஷயத்தை விவாதித்தோம், மதுரையை அடைந்தோம், அவளை மணந்தான். மூன்றிலும் வருவது இரண்டாம் வேற்றுமை 'ஐ'. முதல் படியில் பார்த்தோமே, 'ஐ' உருபுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. அதனால் 'டிஸ்கஸ்ட் தி மேட்டர்', 'ரீச்ட் மதுரை', 'மேரீட் ஹெர்'. விலக்கு சில உண்டு. ரேடியோவைக் கேட்டாலும் 'லிசன் டு தி ரேடியோ', என்னைப் பார் என்றாலும் 'லுக் அட் மீ'. வீட்டுக்குப் போ என்பதில் 'கு' இருந்தும் 'கோ ஹோம்'தான், டு கிடையாது.

படி 6: எ, அன், தி

இதில் நெடுநாள் உட்கார வேண்டாம். பல வருஷம் ஆங்கிலம் பேசியவர்களும் இதில் சறுக்குவார்கள், அர்த்தம் கெடுவது குறைவு.

'ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று மகள்கள்.' முதலில் ஒரு, பிறகு அந்த. ஆங்கிலத்திலும் 'எ கிங்', அப்புறம் 'தி கிங்'. கேட்பவருக்கு எது என்று தெரியாதபோது எ, தெரிந்துவிட்டால் தி. உலகத்துக்கே ஒன்றுதான் என்றால் முதலிலேயே தி: 'தி சன்'. ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் பொதுவாக எதுவும் வேண்டாம், ஆற்றுக்கு உண்டு: 'தி காவேரி'.

எ, அன் குழப்பத்துக்கு நம் ஒரு, ஓர் விதியே போதும். உயிரொலி முன்னால் ஓர், மற்றதற்கு ஒரு. பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. அதனால் 'எ யூனிவர்சிட்டி', ஆனால் 'அன் அவர்', 'அன் எம்.எல்.ஏ.'.

கூடவே ஒன்று: இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் ஆகியவை எண்ண முடியாதவை என்பது ஆங்கிலத்தின் கணக்கு. முன்னால் எ வராது, பின்னால் பன்மை ஸ் வராது. தலைமுடி மொத்தமும் ஹேர்தான். ஹேர்ஸ் என்றால் எண்ணிப் பார்த்த முடிகள்.

எதை வைத்துப் பழகுவது

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் நான் சொல்வது மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரையிலான அரசுப் பள்ளி ஆங்கிலப் பாடப்புத்தகம்தான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. சின்ன வாக்கியங்கள், தெரிந்த ஊர், தெரிந்த சாப்பாடு. கௌரவம் பார்க்காதீர்கள். பாஸிவ் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாம் இந்தப் புத்தகங்களை முடித்தபின் வந்தால் போதும். மொழிபெயர்க்கும் ஆப்பை முதலில் திறக்க வேண்டாம்; நீங்கள் எழுதிய ஆங்கிலத்தை அதில் போட்டுத் தமிழாக்கிப் பாருங்கள். நினைத்தது ஒன்று, தமிழில் வருவது வேறொன்று என்றால் எங்கோ வரிசை தவறியிருக்க வாய்ப்புண்டு.

இன்றே செய்ய ஒரு பயிற்சி. பள்ளியில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர் நினைவிருக்கும்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் டுடே.' அர்த்தம் பார்க்காமல் எத்தனை முறை எழுதியிருப்போம். இப்போது பிரித்துப் பாருங்கள். 'ஐ ஆம் சஃபரிங்' இல் ஆம் இருக்கிறது, வினையில் இங் இருக்கிறது, இரண்டாம் படி. காய்ச்சலால் என்று நாம் சொல்வதற்கு இங்கே ஃப்ரம் வந்திருக்கிறது. பள்ளிக்கு என்று தமிழில் கு வந்தாலும் 'அட்டெண்ட்' பின்னால் டு இல்லை. டுடே கடைசியில். இனி இதையே நேற்று நடந்ததாக மாற்றுங்கள். பிறகு உங்களுக்குப் பதில் தங்கைக்குக் காய்ச்சல் என்று மாற்றுங்கள். ஆம் என்ன ஆகிறது பாருங்கள். அடுத்து அதைக் கேள்வியாக்குங்கள். கடைசியாக, காய்ச்சலை எடுத்துவிட்டு, உண்மையிலேயே உங்களுக்கு லீவு எதற்கு வேண்டுமோ அதை எழுதுங்கள்.